ஓடையில் சத்து மிகுந்தால்: நாங்கள் பார்த்தவை

வயல்களுக்கு நடுவே, வெயில் படும் ஓடையில் ஆக்சிஜன் அளந்த அனுபவம் என்னுடையது. 25 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் இயல்பாக லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் ஏந்தும். மதியம் கருவியை இறக்கினால் அதையும் தாண்டிக் காட்டும். வயல் உரச் சத்தில் கற்கள்மேல் நீளநீளமாகப் படர்ந்த இழைப்பாசி, வெயிலில் ஆக்சிஜன் விடும் வேலை அது. அந்த அளவை மட்டும் பார்க்கிறவர் ஓடை நலமாக இருப்பதாகவே நினைப்பார். விடியுமுன் போய் அளந்தால்தான் நிலைமை தெரியும். இரவு முழுக்க அதே பாசியும், செத்த பாசியை மக்கவைக்கும் பாக்டீரியாவும் சுவாசித்தே ஆக்சிஜனைத் தீர்த்திருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறும். கல்லைப் புரட்டினால், ஆக்சிஜன் நிறைய வேண்டிய மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை இளம்பூச்சிகளைக் காணோம். சேற்றில் இரத்தப்புழுக்கள் மட்டும் இருந்தன. உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால் அவை தாக்குப்பிடிக்கின்றன. தயவுசெய்து பகலில் மட்டும் அளக்காதீர்கள்.

பதில்:
நான் பார்த்தது மரங்கள் மூடிய காட்டோடை. பாசி கிடையாது, தண்ணீர் தெளிவு. உரமிட்ட மேட்டு நிலத்தின் வடிநீர் சேரும் கிளையிலும் சேராத கிளையிலும் வலைப்பைகளில் சருகு கட்டி மூழ்கவைத்தோம். வடிநீர் சேரும் கிளையில் நரம்பு மட்டுமே மிஞ்சியது. மற்றதில் இலை பெரும்பாலும் முழுசாகவே இருந்தது.

சருகில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் குறைவு. அதில் வளரும் பூஞ்சை அவற்றைத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்ளும், அதற்கு வெளிச்சமே தேவையில்லை. பூஞ்சை ஏறிய சருகைப் பூச்சிகளும் விரும்பித் தின்னும். கேட்க நல்லதாகத் தோன்றலாம். ஆனால் இலையுதிர்க்கும் காட்டில், ஒரு பருவத்தில் விழும் சருகுதான் ஓடைக்கு அடுத்த உதிர்காலம் வரைக்குமான சேமிப்பு. அது பாதியிலேயே தீர்ந்தால் பிறகு வரும் பூச்சிகளுக்கு என்ன இருக்கும்? அமெரிக்காவின் வட கரோலினாவில், கவீட்டா ஆய்வகத்தின் காட்டோடைகளில் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் வேண்டுமென்றே சேர்த்துப் பார்த்தார்கள். நிலத்திலிருந்து வந்து விழும் கார்பன் ஓடையில் தங்கும் காலம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். பச்சை தெரியவில்லை என்பதால் ஓடை தப்பித்துவிட்டது என்று யாரும் எழுதவேண்டாம்.

பதில்:
மீன் பக்கத்திலிருந்து ஒன்று. கழிவுநீர் கலக்கும் இடத்துக்குக் கீழே ஆரம்பத்தில் மீன்கள் கொழுத்தன, பலரும் அதை நல்ல சேதியாகவே பேசினார்கள். அலாஸ்காவின் குபாருக் ஆற்றில் 1983 முதல் கோடைதோறும் பாஸ்பரஸ் விட்டுப் பார்த்தபோதும் முதலில் டயாட்டம் என்ற நுண்பாசி பெருகியது, மீன் நன்றாக வளர்ந்தது. சுமார் 8 ஆண்டுகளுக்குப் பிறகு மாஸ் எனப்படும் சிறு நீர்ச்செடி படுகையை மூடி, பூச்சி வகைகளே மாறிப்போயின. நான் பார்த்த ஆற்றில் முட்டையிடும் சரளைக்கற்களின் இடுக்கெல்லாம் பாசியும் வண்டலும் அடைத்துவிட்டன. அப்புறம் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. ஆனாலும் படுகைச் சேற்றில் சேர்ந்த பாஸ்பரஸ் இன்னும் கசிந்துகொண்டிருக்கிறது. சரளை மறுபடி சுத்தமானதை நேரில் பார்த்தவர்கள் இருந்தால், எவ்வளவு காலம் பிடித்தது என்று எழுதுங்கள்.