புதுப்பிப்பு: பெயர் இல்லாத அந்த லெஸ் பால் நகல்

அமெரிக்க நிறுவனமான கிப்சனின் லெஸ் பால் மாடலைப் பார்த்துச் செய்த, தலையில் பெயரே இல்லாத என் பழைய ஜப்பானிய கிட்டார், விற்றவர் சொன்னபடி 'வழக்குக் கால' ஐபனேஸ்தானா (ஐபனேஸ் ஒரு ஜப்பானிய கிட்டார் பிராண்ட்; வழக்கைப் பற்றிக் கீழே) என்று போன வாரம் கேட்டிருந்தேன். இல்லை.

நேற்று கம்பிகளைத் தளர்த்திவிட்டு, கழுத்தைப் பிடித்திருக்கும் நான்கு திருகுகளையும் கழற்றினேன். அந்தத் திருகுகள் கோத்திருக்கும் உலோகத் தகட்டில் 'ஸ்டீல் அட்ஜஸ்டபிள் நெக், மேட் இன் ஜப்பான்' என்று மட்டும்தான் இருக்கிறது. வரிசை எண் கிடையாது. 1976, 77 ஐபனேஸ் என்றால் மாதத்துக்கு ஓர் எழுத்தும் ஆண்டுக்கு இரண்டு இலக்கமுமாக எண் தொடங்கும். இந்த வகைத் தகடு பெரும்பாலும் மட்சுமோட்டோ நகரின் மட்சுமோகு தொழிற்சாலையைக் காட்டும். பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சார சிக்னலாக்கும் பாகம்) உட்காரும் குழிக்குள் டார்ச் அடித்தால் ஒட்டுப்பலகையின் அடுக்குகள் வரிவரியாகத் தெரிகின்றன.

அப்புறம் அந்த வழக்கு. 1977இல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஐபனேஸின் அமெரிக்க விநியோகஸ்தரான எல்ஜர் மீது தொடுத்தது. பிரச்சினை, திறந்த புத்தகம் போன்ற தலை வடிவம். சமரசத்தில் முடிந்தது. 'வழக்குக் காலம்' என்ற பெயரை எல்லா நகலுக்கும் ஒட்டி விலை ஏற்றுவது எனக்குக் கோபமாகவே வருகிறது.

தகட்டின் படத்தை அனுப்பியதும் விற்றவர் பாதிப் பணத்தைத் திருப்பித் தந்தார். கழுத்து நேராக இருக்கிறது, ஃபிரெட்கள் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்) தேயவில்லை. சரி, வைத்துக்கொள்கிறேன்.