பழைய மார்லின் 60 துப்பாக்கி: தோட்டா ஏறும்போது சிக்குகிறது, காலிக் கூடும் சரியாக வெளியே விழவில்லை

கொலம்பஸ்_குமார்:
வணக்கம். கையில் இருப்பது பழைய மார்லின் மாடல் 60 ரைஃபிள், .22 எல்ஆர் (லாங் ரைஃபிள் தோட்டா), குழாய் மேகசின் (தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாய்). சீரியல் எண் 24-இல் தொடங்குகிறது. பத்துத் தோட்டாவுக்கு மூன்று நான்கு முறையாவது சிக்குகிறது. சில நேரம் காலிக் கூடு வெளிவாயிலில் செங்குத்தாக நின்று போல்ட்டில் (தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் நகரும் பாகம்) மாட்டிக்கொள்கிறது. சில நேரம் கூடு சேம்பரிலேயே (குழலின் பின்கோடியில் தோட்டா உட்காரும் அறை) தங்கிவிட, அடுத்த தோட்டா பின்னாலிருந்து அதில் வந்து முட்டுகிறது. இதுவரை பேரலை மட்டுமே சுத்தம் செய்திருக்கிறேன். ரிகாயில் ஸ்பிரிங் (போல்ட்டை முன்னுக்குத் தள்ளும் சுருள்), எக்ஸ்ட்ராக்டர் (கூட்டை சேம்பரிலிருந்து இழுக்கும் கொக்கி), எஜெக்டர் (கூட்டை வெளியே தட்டிவிடும் பாகம்) மூன்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடலாமா?

திருகாணி:
இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம் குமார். நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

கூடு சேம்பரை விட்டு வெளியே வந்து வாயிலில் நிற்கிறது என்றால், எக்ஸ்ட்ராக்டர் இழுக்கும் வேலையைச் செய்துவிட்டது. போல்ட் முழுத் தூரம் பின்னுக்குப் போகவில்லை, அல்லது எஜெக்டர் கூட்டைத் தட்டிவிடவில்லை. கூடு சேம்பரிலேயே தங்கினால் எக்ஸ்ட்ராக்டரையோ சேம்பரையோ பார்க்க வேண்டும். இந்த மாடலில் இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் அழுக்குதான். ரிம்ஃபயர் (ரிம் எனும் அடி விளிம்பில் அடித்தால் வெடிக்கும்) தோட்டாவின் மெழுகும் ஈயத்தூளும் கரியும் சேர்ந்து பசைபோல் இறுகிவிடும்.

முதலில் மேகசினின் உள்குழாயை முழுவதும் உருவி வெளியே எடுங்கள். போல்ட்டை இழுத்து சேம்பரையும், தோட்டா மேலேறும் ஃபீட் த்ரோட்டையும் கண்ணால் பாருங்கள். குழாய் காலியாகத் தெரிந்தாலும் த்ரோட்டுக்குள் ஒரு தோட்டா ஒளிந்திருக்கலாம். காலிக் கூட்டின் மேல் உயிருள்ள தோட்டா முட்டி நிற்கும்போது கைப்பிடியை முன்னுக்குத் தள்ளவே கூடாது. ரிம் நசுங்கினால் போல்ட் மூடாத நிலையிலேயே வெடிக்கலாம்.

ஸ்டாக்கை (தோளில் வைக்கும் மரப்பகுதி) கழற்றியபின் போல்ட்டைச் சற்றே பின்னுக்கு இழுத்து, அதன் முன்பக்கத்தைத் தூக்கியபடி கைப்பிடியைப் பக்கவாட்டில் உருவுங்கள். ரிகாயில் ஸ்பிரிங் துள்ளும், விரலால் அமுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். மெல்லிய கம்பி அது, ஒருமுறை மடிந்தால் நிமிர்த்திப் போட்டுப் பயனில்லை, புதிதுதான் வாங்க வேண்டும். பலம் கூடட்டும் என்று இழுத்து நீட்டவும் கூடாது.

ரிசீவரின் (போல்ட் ஓடும் உலோக உடல்) பின்கோடியில், போல்ட் வந்து மோதும் அடியைத் தாங்கும் பிளாஸ்டிக் பஃபர் இருக்கிறது. வயதான துப்பாக்கியில் அது விரிசல் விட்டு, துண்டு உடைந்து உள்ளே விழும். விரிசல் கண்டால் அந்த ஒரு பாகத்தைத் தயங்காமல் மாற்றுங்கள்.

போல்ட் முகத்தில் இரண்டு எக்ஸ்ட்ராக்டர்கள், இரண்டையும் ஒரே ஸ்பிரிங் கிளிப்தான் பிடித்திருக்கிறது. கிளிப்பைக் கழற்றி, கொக்கிகளின் அடியில் பல்குத்தும் குச்சியால் சுரண்டுங்கள். பிறகு ஒரு காலிக் கூட்டைக் கொக்கிகளுக்குள் செருகி போல்ட்டை லேசாக அசையுங்கள். கூடு விழாமல் நின்றால் எக்ஸ்ட்ராக்டருக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

எஜெக்டர் என்பது இடப்பக்கம் நிற்கும் ஒரு கம்பிதான். அதன் நுனி போல்ட்டின் பள்ளத்தில் உரசாமல் ஓட வேண்டும். வளைந்திருந்தால் மூக்கு இடுக்கியால் மயிரிழை மயிரிழையாகத் திருத்துங்கள்.

பக்கத் தகடுகளைப் பிடித்திருக்கும் ஈ-கிளிப்புகளை (E வடிவ வளையக் கிளிப்) மட்டும் தொடாதீர்கள். அந்தப் பகுதியைப் பிரிக்காமலேயே கரைப்பானும் நைலான் பிரஷ்ஷும் கொண்டு கழுவி, காற்றடித்து உலர்த்தினால் போதும். பிரேக் கிளீனர் பிளாஸ்டிக்கையும் ஸ்டாக்கின் வார்னிஷையும் கெடுக்கும், வேண்டாம்.

மணல்மேடு:
திருகாணி சொன்னதோடு சேம்பரையும் தனியாகச் சோதியுங்கள். போல்ட் வெளியே இருக்கும்போது சுடாத தோட்டா வேண்டாம், சுத்தமான ஒரு காலிக் கூட்டைக் கையால் உள்ளே தள்ளிப் பாருங்கள். நகத்தால் கிளப்பினால் வந்துவிட வேண்டும். இறுகினால் பெரும்பாலும் இரண்டு காரணம்தான்.

ஒன்று, .22 ஷார்ட் தோட்டாக்களை யாரோ இதில் நிறையச் சுட்டிருக்கலாம். ஷார்ட்டின் கூடு குட்டை என்பதால் அதற்கு முன்னால் சேம்பரில் கரிவளையம் படியும். எல்ஆர் கூடு அங்கே போய்ப் பிடித்துக்கொள்ளும். கரைப்பானைப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு வெண்கல பிரஷ்ஷைக் கையால் சுழற்றுங்கள். டிரில் மாட்ட வேண்டாம்.

இன்னொன்று மோசமானது. தோட்டா இல்லாமல் விசையை அழுத்தி அழுத்தி, ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) சேம்பர் விளிம்பில் அடித்துப் பிசிறு எழுப்பியிருக்கும். சுட்ட கூட்டைப் பாருங்கள்: பக்கத்தில் நீளவாக்கில் ஒரு கீறல், அதுவும் ஃபயரிங் பின் அடித்த தழும்புக்கு நேராகவே ஒவ்வொரு கூட்டிலும் இருந்தால் இதுதான். இதை அரத்தால் ராவாதீர்கள். ராவினால் போன உலோகம் திரும்பாது, கூட்டுக்கு அந்த இடத்தில் ஆதாரமும் இருக்காது. சேம்பர் அயர்ன் என்று ஒரு கருவி விற்கிறது. அது பிசிறை வெட்டாமல் பழைய இடத்துக்கே அமுக்கித் தள்ளும்.

கொலம்பஸ்_குமார்:
நன்றி. கழற்றிப் பார்த்தாயிற்று. பஃபரில் மூலையிலிருந்து நடுவரை விரிசல். எக்ஸ்ட்ராக்டர் அடியில் கறுப்புக் களிம்பு அடைத்திருந்தது, சுரண்டியபின் கூட்டை நன்றாகப் பிடிக்கிறது. கூட்டில் கீறல் இல்லை, ஆனால் சேம்பரில் பாதிக்கு மேல் இறுக்கம் தெரிகிறது. பாகம் வாங்கும்போது எந்த வருடம் என்று சொல்வது? தோட்டா எதைப் போடலாம்?

திருகாணி:
கீறல் இல்லாமல் உள்ளே போனபின் இறுகுகிறது என்றால் கரிவளையம்தான். வருடம் கண்டுபிடிப்பது சுலபம்: 1973 முதல் 1990 வரை சீரியலின் முதல் இரண்டு இலக்கத்தை 100-இலிருந்து கழித்தால் போதும். உங்களுடையது 1976. 1980-களில் உள்பாகங்கள் மாறின, கடைசித் தோட்டாவோடு போல்ட் திறந்தே நிற்கும் வசதியும் அப்போது வந்ததுதான். வருடம் சொல்லாமல் ஃபீட் த்ரோட் வாங்கினால் பொருந்தாமல் போகலாம்.

மணல்மேடு:
சோதனைக்கு 40 கிரெயின் (குண்டின் எடை அளவு), செம்புப் பூச்சுள்ள ஹை வெலாசிட்டி, நொடிக்கு 1200 அடிக்கு மேல் போவதாகப் பாருங்கள். 1070 அடி அளவிலான ஸ்டாண்டர்ட் வெலாசிட்டியில் போல்ட் முழுக்கப் பின்னுக்குப் போகாமல் கூடு மறுபடி வாயிலில் நிற்கலாம், பழுது தீரவில்லை என்று ஏமாந்துவிடுவீர்கள். மேகசின் குழாய்க்குள் எண்ணெய் வேண்டாம், குச்சியில் உலர்ந்த துணி சுற்றித் துடைத்தால் போதும். போல்ட் ஓடும் தடத்துக்கு மட்டும் இரண்டு சொட்டு. முதலில் ஐந்து தோட்டா மட்டும் போட்டுச் சுடுங்கள். விசை அழுத்தியும் வெடிக்காவிட்டால் குழலை இலக்குப் பக்கமே வைத்து 30 விநாடி பொறுத்தபின் போல்ட்டை இழுங்கள். சிக்கினால் கூட்டை உடனே தட்டிவிடாமல், அது எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.