புதுப்பிப்பு: மேல் ஸ்தாயியில் குரல் பிளந்தது சரியாகிவிட்டது

ராயபுரம் இசை நாடகத்தில் கடைசிப் பாட்டில் மேல் ஸ்தாயிக்கு, அதாவது உச்சக் குரலுக்கு, போகும்போது என் குரல் பிளக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது காசிமேட்டு அண்ணன் யோசனை: பாட்டின் அடிப்படைச் சுருதியை 4 கட்டையிலிருந்து 2½ கட்டைக்கு இறக்கியது (கட்டை என்பது சுருதியின் உயர அளவு; எண் குறைந்தால் சுருதி தாழும்). மைக் இல்லாத காலத்தில் நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா போன்றவர்கள் உச்சத்தில் பாடினார்கள். இன்று அந்தக் கட்டாயம் இல்லை. பனங்கற்கண்டும் மிளகும் தொண்டைக்கு இதம், ஆனால் பிளவு நிற்கவில்லை.

எதிர்பாராதது மிருதங்கம். ஆர்மோனியக்காரர் கட்டையை மாற்றி உடனே வாசித்துவிட்டார். மிருதங்கத்தை அவ்வளவு இறக்கினால் நாதம் எழும்பவில்லை. தக்கு சுருதிக்கான, அதாவது தாழ்ந்த சுருதிக்கான, பெரிய மிருதங்கத்தை இரவல் வாங்கினோம். சுருதி மாற்றுவோர் மிருதங்கக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நாடகம் முடிந்து ரசிகர்களோடு பேசும்போது ஒரு பெரியவர், "இப்பதான்பா ஒவ்வொரு வார்த்தையும் காதுல விழுது" என்றார். அவர் கேட்டதும் இரண்டு வரி பாடினேன், குரல் பிளக்காமல் நின்றது.