தம்பிக்காகச் செய்த சூனியக்காரி கார்டு: மானாவை ஏற்றுவதா, வாசகத்தை மாற்றுவதா?

கார்த்திகைப்பூ:

என் தம்பி பத்தாம் வகுப்பு, தமிழ் மீடியம். மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தை நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஆட்டம் நன்றாகப் பிடிபட்டுவிட்டது. ஆனால் புதுக் கார்டு கைக்கு வரும்போதெல்லாம் என்னிடம் நீட்டி, "இதுல என்னக்கா போட்டிருக்கு?" என்று கேட்கிறான். எதிரே உட்கார்ந்திருப்பவளிடமே கையில் இருப்பதைக் காட்டிவிட்டால் அப்புறம் என்ன ஆட்டம்? அதனால் அவன் பிறந்தநாளுக்குக் கறுப்பும் சிவப்புமாக 60 கார்டு டெக் (ஆடுவதற்கான கட்டு) ஒன்று செய்துகொண்டிருக்கிறேன், எழுத்து முழுக்கத் தமிழில். தெரிந்த கார்டுகளைத் தமிழில் எழுதுகிறேன். கூடவே நானே யோசித்த எட்டுக் கார்டுகளும் உண்டு.

அந்த எட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது சதுப்புநிலச் சூனியக்காரி, ஓர் உயிரிக் கார்டு (களத்தில் நின்று சண்டையிடுவது). இறக்கும் செலவு இரண்டு மானா (ஒன்று கறுப்பு, ஒன்று எதுவானாலும்), 2/2, அதாவது அடிப்பதும் இரண்டு, தாங்குவதும் இரண்டு. வாசகம் இதுதான்:

"உன் உயிரி ஒன்று மடியும்போது ஒரு கார்டு எடு."

நேற்று தம்பியோடு ஆடிப் பார்த்தேன். என் முதல் டர்னில் (முறையில்) விசெரா சீர் (நம் உயிரிகளைப் பலி வாங்கும் உயிரி), இரண்டாவதில் சூனியக்காரி, மூன்றாவதில் டிராகன் ஃபாடர் போட்டு இரண்டு கோப்ளின் டோக்கன் (டெக்கில் கார்டாக இல்லாமல் களத்தில் உருவாகும் உயிரி). நான்காவது டர்னில் இன்னும் இரண்டு டிராகன் ஃபாடர். ஆக ஆறு கோப்ளின். ஆறையும் சீருக்குப் பலி கொடுத்தேன், ஆறு கார்டு எடுத்தேன். கையை எண்ணினால் ஏழு! ஆட்டம் தொடங்கும்போது எத்தனை வைத்திருந்தேனோ அத்தனை, நான்கு லேண்டும் (மானா தரும் கார்டு) வேறு ஐந்து கார்டும் இறக்கிய பிறகும். தம்பி தன் கார்டுகளை அடுக்கி வைத்துவிட்டு, "வேற டெக்ல ஆடலாம்க்கா" என்று மட்டும் சொன்னான். அவனுக்காகச் செய்த டெக் அது. இரவெல்லாம் அதே நினைப்பு.

நான்கு மானா என்று ஏற்றிவிட்டால் சரியாகிவிடுமா? இல்லை, வாசகத்திலேயே கை வைக்க வேண்டுமா?

ஐந்துநிறம்:

மானாவை ஏற்றினால் ஒன்றிரண்டு டர்ன் தள்ளிப்போகும், அவ்வளவுதான். நேற்று நான்காவது டர்னில் நடந்தது ஐந்தாவதிலோ ஆறாவதிலோ நடக்கும். உங்கள் தம்பி அப்போதும் கார்டை அடுக்கி வைத்துவிடுவான்.

இதே எண்ணத்தில் மேஜிக் கம்பெனியே வெளியிட்ட மூன்று கார்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2014-இல் வந்த கிரிம் ஹரஸ்பெக்ஸ், 2018-இல் வந்த மிட்நைட் ரீப்பர், 2021-இல் வந்த மார்பிட் ஆப்பர்ச்சுனிஸ்ட். மூன்றுமே கறுப்பு, மூன்றுமே மூன்று மானா. ஹரஸ்பெக்ஸ் டோக்கன் செத்தால் கண்டுகொள்ளாது. ரீப்பரும் டோக்கனைக் கணக்கில் சேர்க்காது, அதோடு கார்டு தரும் ஒவ்வொரு தடவையும் உங்களையே ஒரு புள்ளி அடிக்கும். ஆப்பர்ச்சுனிஸ்ட் டோக்கனையும் எண்ணும், எதிராளியின் உயிரி செத்தாலும் கார்டு தரும். ஆனால் ஒரு டர்னில் ஒரு தடவைதான் வேலை செய்யும். இப்படி எல்லாவற்றிலும் ஒரு கடிவாளம் இருக்கிறது. உங்கள் சூனியக்காரிக்கு அது இல்லை, மானாவும் ஒன்று குறைவு.

கடிவாளம் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்கல்கிளாம்ப் போதும். 2004-இல் வந்த உபகரணக் கார்டு. ஒரு மானாவுக்கு இறக்கலாம், இன்னொரு மானாவுக்கு ஓர் உயிரியின் மேல் மாட்டலாம். மாட்டிய உயிரிக்கு +1/-1, அது செத்தால் இரண்டு கார்டு. அந்தக் கழித்தல் ஒன்றைப் பார்த்தால் தண்டனை போலத்தான் தெரியும். ஆனால் 1/1 உயிரியின் மேல் மாட்டியதும் அது அங்கேயே சாகும், உடனே கையில் இரண்டு கார்டு. அதே வருடம் ஸ்டாண்டர்ட் ஆட்டத்தில் (அண்மையில் வந்த கார்டுகளை மட்டும் வைத்து ஆடும் வகை) அதைத் தடை செய்தார்கள். வருடக்கணக்காக இதே தொழிலில் இருப்பவர்களுக்கே இதில் கை நழுவியிருக்கிறது. உங்களுக்கு ஒரே ராத்திரியில் தெரிந்துவிட்டது என்று சந்தோஷப்படுங்கள்.

தம்பிக்கு எது பிடிக்கும் என்பதை வைத்துக் கடிவாளத்தைத் தேர்ந்தெடுங்கள். கோப்ளின் பிடிக்கும் என்றால் டோக்கனை ஒதுக்காதீர்கள்.

நடுவர்மேசை:

தமிழ் வாசகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் சண்டை வருவதே இங்கேதான்.

"மடியும்போது" என்றால் ஒரு தடவைதானா என்று கேட்க இடமிருக்கிறது. ஆங்கிலக் கார்டுகளில் வென், வெனெவர் என்று இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். நமக்கு "மடியும்போதெல்லாம்" இருக்கிறது, அதைப் போடுங்கள்.

அடுத்து, "உன் உயிரி ஒன்று" என்றால் சூனியக்காரியும் அதில் அடக்கம். அவள் செத்தாலும் கார்டு உண்டு. அது வேண்டாம் என்றால் "உன் வேறொரு உயிரி" என்று எழுத வேண்டும். அப்படி எழுதினாலும் ஒன்றை நினைவில் வையுங்கள்: டே ஆஃப் ஜட்ஜ்மென்ட் மாதிரி எல்லா உயிரிகளையும் ஒரே நேரத்தில் அழிக்கும் கார்டு விழுந்தால், கூடவே மடிந்த மற்ற உயிரிகளைச் சூனியக்காரி பார்த்ததாகத்தான் கணக்கு. இப்போதைய வாசகப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்டு வரும்.

ஒரு டர்னுக்கு ஒரு தடவை என்று வைப்பதாக இருந்தால் "ஒரு சுற்றுக்கு ஒரு முறை" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். சுற்று என்றதும் இருவரும் ஆடி முடிப்பதைத்தான் நம் ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள்.

கார்த்திகைப்பூ:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. "மடியும்போதெல்லாம்" எனக்குத் தோன்றவே இல்லை. மற்ற ஏழு கார்டுகளையும் எடுத்துப் பார்த்தேன், மூன்றில் இதே தவறு இருந்தது. திருத்திவிட்டேன்.

தம்பிக்குக் கோப்ளின் என்றால் உயிர். அதனால் டோக்கனை ஒதுக்கவில்லை. இப்போது சூனியக்காரி மூன்று மானா, 2/2.

"உன் வேறொரு உயிரி மடியும்போதெல்லாம் ஒரு கார்டு எடு. ஒவ்வொருவர் டர்னிலும் ஒரு தடவை மட்டும்."

இன்னொரு சங்கடம். அச்சுக் கடையில் எடுத்து வந்த கார்டுகள் எல்லாம் கொஞ்சம் சிறுத்துப்போய், கார்டு போடும் பிளாஸ்டிக் உறைக்குள் ஆடுகின்றன. வெட்டியதில் தவறா?

தாள்கத்தி:

வெட்டியதில் தவறு இருக்காது. கடையில் "ஃபிட் டு பேஜ்" போட்டு அச்சடித்திருப்பார்கள். "ஆக்சுவல் சைஸ்" அல்லது 100 சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள். அகலம் 63 மில்லிமீட்டர், உயரம் 88. முதலில் ஒரே ஒரு தாள் எடுத்து, கடையிலேயே ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு மீதியைச் சொல்லுங்கள். கெட்டி அட்டை தேவையில்லை. சாதாரணத் தாளில் அச்சடித்து, உறைக்குள் ஒரு பழைய லேண்ட் கார்டுக்கு முன்னால் செருகினால் கலைத்துப் போடும்போது நிஜக் கார்டு மாதிரியே இருக்கும். 60-க்கும் ஒரே மாதிரி உறை போடுங்கள், பின்பக்கம் தெரியாததாக.

கார்த்திகைப்பூ:

அளவு சரியாக வந்துவிட்டது. நேற்று இரவு புது அச்சோடு மூன்று ஆட்டம் ஆடினோம். இந்தத் தடவை அந்த டெக்கைத் தம்பி கையிலேயே கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது ஆட்டத்தில் அவனிடம் சூனியக்காரியும் சீரும் இரண்டு கோப்ளினும் இருந்தன. அவன் டர்னில் ஒரு கோப்ளினை மட்டும் பலி கொடுத்துக் கார்டு எடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டான். இன்னொன்றையும் கொடுக்கலாமே என்று நினைத்தேன், சொல்லவில்லை. என் டர்ன் வந்தது. என் 5/5-ஐ அடிக்க அனுப்பினேன். மிச்சமிருந்த கோப்ளினை அதன் எதிரே தள்ளினான், அது செத்தது. அப்புறம் கார்டின் கடைசி வரியில் விரலை வைத்து வாய்விட்டுப் படித்தான்: "ஒவ்வொருவர் டர்னிலும்." படித்துவிட்டு, என்னைக் கேட்காமலே ஒரு கார்டு எடுத்துக்கொண்டான்.