புதுப்பிப்பு: ராத்திரி படபடப்பு, வீட்ல எப்படி சொல்றதுன்னு கேட்டிருந்தேன்ல

போன மாசம் இங்க கேட்டிருந்தேன், ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சு முழிப்பு வருது, ஈசிஜி நார்மல்ங்கிறாங்க, வீட்ல சொல்ல பயமா இருக்குன்னு. பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

முதல்ல கண்ண மூடி மூச்ச கவனிக்கிறத ட்ரை பண்ணேன், எனக்கு செட் ஆகல, கவனிக்க கவனிக்க மூச்சு அடைக்கிற மாதிரி பயம்தான் ஏறுச்சு (சிலருக்கு இப்படி ஆகுமாம்). கைகொடுத்தது ஒருத்தர் சொன்ன 5-4-3-2-1 தான். கண்ண தொறந்தே வச்சுக்கிட்டு பாக்குறது அஞ்சு, தொடுறது நாலு, கேக்குறது மூணு, வாசனை ரெண்டு, ருசி ஒண்ணு. நைட் லேம்ப், காலண்டர், பாயோட கோரை விரல்ல உறுத்துறது, ஃபேனோட கடகட, தலகாணில தேங்காண்ணெ வாசனைன்னு எண்ணிட்டே வந்தா பாதிலயே எறங்கிடுது, எல்லா நாளும் இல்ல, முக்காவாசி நாள்.

14416, அதாங்க டெலி மானஸ், கவர்மெண்ட்டோட மனநல ஹெல்ப்லைன், அதுக்கும் கூப்பிட்டேன். காசு கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசுனாங்க, மனநல டாக்டர ஒருதடவ பாத்துடுங்கன்னாங்க. ஜிஹெச்ல பாத்தேன், மாத்திரை இப்போதைக்கு வேணாம், ரெண்டு வாரம் கழிச்சு வாங்கன்னுட்டார்.

எதிர்பாக்காதது அம்மாதான். கீரை ஆஞ்சுட்டு இருந்தப்போ மெதுவா சொன்னேன், கைய நிறுத்தாமலே "நீ பொறந்தப்புறம் எனக்கும் இப்படித்தான்டா இருந்துச்சு, யார்கிட்ட சொல்றது அப்போ"ன்னாங்க. எனக்கு பேச்சே வரல.

அப்பாகிட்ட இன்னும் சொல்லல.