வெல்டருக்கு மாதம் ஒரு லட்சம்: யார் காதில் பூச் சுற்றுகிறீர்கள்?

கணக்கு_வாத்தியார்
பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததிலிருந்து ஒரு வீடியோ எல்லார் கைப்பேசியிலும் சுற்றுகிறது. கூலிங் கிளாஸ் போட்ட ஒருவர் வெல்டிங் ஹோல்டரைக் கையில் வைத்துக்கொண்டு, "பி.இ. படித்தவன் பதினைந்தாயிரத்துக்கு அலைகிறான், ஐ.டி.ஐ. வெல்டர் மாதம் ஒரு லட்சம் சம்பளம் வாங்குகிறான்" என்கிறார். அதைப் பார்த்துவிட்டு ஒரு தகப்பனார், கணக்கில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய மகனைப் பிளஸ் ஒன்னில் சேர்க்காமல் டி.சி. கேட்டு வந்து நிற்கிறார். ஐ.டி.ஐ. மட்டம் என்று நான் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், அப்புறம் யாரும் என்னை அந்தப் பக்கம் இழுக்க வேண்டாம். என் கேள்வி ஒன்றுதான்: அந்த ஒரு லட்சம் ஓ.டி. (கூடுதல் நேர வேலைக் காசு) சேர்த்தா, சேர்க்காமலா?

துவாக்குடி_ஆர்க்
வந்துவிட்டார் வாத்தியார். சாக்பீஸ் பிடித்த கை, ராடு பிடித்த கையிடம் கணக்குக் கேட்கிறது.

நான் 6ஜி வெல்டர். குவைத்திலும் கத்தாரிலும் ஷட்டவுன் வேலை, அதாவது பிளான்ட்டை நிறுத்திவைத்துச் செய்கிற பராமரிப்பு வேலை பார்த்தவன். லட்சத்துக்கு மேலேயே வாங்கியிருக்கிறேன். 6ஜி என்றால் என்னவென்று தெரியுமா சார்? பைப்பை 45 டிகிரி சாய்த்துக் கட்டிவிடுவார்கள். அது அசையாது, நாம்தான் சுற்றிச் சுற்றி வர வேண்டும். ஒரே ஜாயிண்டில் அடியில் தலைகீழாக ஓட்ட வேண்டும், பக்கத்தில் செங்குத்தாக ஏற்ற வேண்டும், மேலே வந்து முடிக்க வேண்டும். ரூட், அதாவது அடி லேயர், ஆர்கான் வாயுவில், மேலே ராடு. இரண்டு பைப்புக்கும் நடுவில் விடுகிற இடைவெளி இரண்டு, மூன்று மில்லிமீட்டர். கொஞ்சம் கை நடுங்கினால் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும், அப்புறம் ஏஜென்சிக்காரன் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கையில் கொடுத்துவிடுவான். இதெல்லாம் உங்கள் கணக்குப் புத்தகத்தில் வராது.

கணக்கு_வாத்தியார்
அருமை. ஓ.டி. சேர்த்தா?

பி_இ_பட்டாளம்
அண்ணே, ஒரு சந்தேகம். ஐ.டி.ஐ. வெல்டர் கோர்ஸ் ஒரே வருடம், எட்டாவது பாஸ் போதும். அந்த ஒரு வருடத்தில் 6ஜி வந்துவிடுமா? வீடியோக்காரர் ஐ.டி.ஐ. வாசலையும் கத்தார் ஏர்போர்ட்டையும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வைத்தல்லவா பேசுகிறார்!

எங்கள் ஒரகடம் பக்கம் வந்து பாருங்கள். ஐ.டி.ஐ. முடித்த தம்பிகளை அப்ரெண்டிஸ் என்று எடுப்பார்கள். 2019 விதிப்படி குறைந்தபட்ச உதவித்தொகை 7,000 ரூபாய். கொஞ்சம் கூடக் கொடுக்கிற கம்பெனி உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அப்ரெண்டிஸ் முடிந்த கையோடு கேட்டுக்கு வெளியே. அடுத்த பேட்ச் உள்ளே. இதைப் பற்றி எந்த வீடியோவும் வரவில்லை.

துவாக்குடி_ஆர்க்
தம்பி பி.இ., உங்கள் கோபம் புரிகிறது. நாலு வருடம் படித்து, அரியர் எழுதி, கடைசியில் குவாலிட்டி டிபார்ட்மென்ட்டில் கேஜ் வைத்து ஓகே ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருப்பீர்கள். எங்கள் ஷாப்புக்கும் உங்களைப் போல ஒருவர் வந்தார். டிராயிங்கில் வெல்டு சிம்பல் இருக்கிறது, அம்புக்குறிப் பக்கம் எது, மறுபக்கம் எது என்று என்னைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எனக்கே இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் எழுதினார். ஏ.சி. ரூம் அவருக்கு, புகை எனக்கு.

பி_இ_பட்டாளம்
என் படிப்பை ஏன் இழுக்கிறீர்கள்? கேட்ட கேள்விக்குப் பதில்: ஒரு வருடத்தில் 6ஜி வருமா, வராதா?

துவாக்குடி_ஆர்க்
கை இருந்தால் வரும்.

கணக்கு_வாத்தியார்
அப்படியே என் கேள்விக்கும்.

பிள்ளைக்காகக்_கேட்கிறேன்
எல்லாருக்கும் வணக்கம். என் மகன் பத்தாவதில் 312 மார்க். படிப்பில் ஆர்வம் இல்லை, வீட்டில் மிக்ஸி ரிப்பேர் ஆனால் அவன்தான் பிரிப்பான். அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் போடலாமா, எலக்ட்ரீஷியன் போடலாமா? ஆன்லைன் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்குகிறது. யாராவது சொல்லுங்கள்.

சரவணம்பட்டி_லேத்
இந்தத் திருச்சிக்காரர்கள் பேச்சை எடுத்தாலே பாய்லர், 6ஜி, கத்தார். உலகத்தில் வேறு தொழிலே இல்லையா? கோயம்புத்தூரில் பம்ப், மோட்டார், டெக்ஸ்டைல் மெஷின் பார்ட்ஸ் எல்லாம் யார் செய்கிறார்கள்? என் ஒர்க்‌ஷாப்பில் சி.என்.சி. (கம்ப்யூட்டரில் ஓடுகிற மெஷின்) இரண்டு நிற்கிறது, ஓட்ட ஆள் இல்லை. டர்னர் (லேத் வேலை) கோர்ஸ் முடித்துவிட்டு வருகிற பையனுக்கு வெர்னியர் பார்க்கத் தெரிகிறது, மெஷினுக்கு டூல் ஆஃப்செட் (வெட்டும் கருவியின் அளவுத் திருத்தம்) கொடுக்கத் தெரியவில்லை. சொல்லிக் கொடுத்து ஆறு மாதம் ஆனதும் பக்கத்து ஷெட்டில் இரண்டாயிரம் கூட என்று போய்விடுகிறான்.

பி_இ_பட்டாளம்
நீங்கள் அந்த இரண்டாயிரத்தைக் கூடக் கொடுத்திருந்தால் போயிருக்க மாட்டானே அண்ணே.

சரவணம்பட்டி_லேத்
ஜாப் ஆர்டருக்கு மணிக்கு என்ன ரேட் வருகிறதென்று தெரியுமா தம்பி? கரண்ட் பில் கட்டியிருக்கிறீர்களா? மாதச் சம்பளக்காரர் பேச்சு.

துவாக்குடி_ஆர்க்
கோவை அண்ணன் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பம்பு லீக் ஆனால் வாஷர் மாற்றலாம். பாய்லர் டியூப் லீக் ஆனால் யூனிட்டே நிற்கும். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். ஐ.பி.ஆர். (இந்தியப் பாய்லர் விதிகள்) சர்டிபிகேட் இல்லாமல் பாய்லர் பிரஷர் பார்ட்டில் ஒரு டேக், ஒரு சின்னப் பொட்டு வெல்டு கூடப் போட முடியாது. நாட்டுக்கே வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் எங்கே இருக்கிறது? திருச்சி பெல் (பி.எச்.இ.எல்.) கம்பெனியில்.

சரவணம்பட்டி_லேத்
ஆமாம், பெல்லுக்கு ஆர்டர் குறைந்ததும் துவாக்குடியில் எத்தனை ஷெட் பூட்டிக் கிடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே கம்பெனியை நம்பிப் பிழைத்தது யார், நாங்களா நீங்களா?

கணக்கு_வாத்தியார்
பம்பு, பாய்லர் எல்லாம் இருக்கட்டும். நானே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஷட்டவுன் வேலை என்றால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், வெள்ளிக்கிழமையும் சேர்த்து. எட்டு மணி நேரம் போக மீதி நான்கு மணி ஓ.டி. மாதத்துக்கு அதுவே நூறு மணி நேரத்துக்கு மேல் வரும். அந்தக் காசையும் சாப்பாட்டுப் படியையும் கழித்துவிட்டு அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று ஒரு எண், ஒரே ஒரு எண் சொல்லுங்கள். ஷட்டவுன் முடிந்து ஊரில் சும்மா இருக்கிற மாதங்களையும் வகுத்தலில் சேருங்கள். பள்ளிக்கூடத்துப் பையனே போடுகிற சராசரி இது.

துவாக்குடி_ஆர்க்
ஓ.டி. என்ன, திருட்டுப் பணமா? உழைத்து வாங்குவது. சட்டப்படி இரட்டைச் சம்பளம்.

கணக்கு_வாத்தியார்
இரட்டைச் சம்பளம் என்பது நம் ஊர்ச் சட்டம். கத்தாரிலும் குவைத்திலும் சாதாரண நாள் ஓ.டி.க்கு ஒன்றேகால் மடங்குதான். அங்கே வேலை பார்த்தவருக்கு இது தெரியவில்லையா, இல்லை ஏஜென்சிக்காரர் சொல்லவில்லையா? எப்படியோ, ஓ.டி. சேர்த்துத்தான் லட்சம் என்று வாயைத் திறந்து சொன்னதற்கு நன்றி.

துவாக்குடி_ஆர்க்
நான் அப்படிச் சொல்லவே இல்லை. மேலே போய்ப் படியுங்கள். ஓ.டி. திருட்டுப் பணமா என்றுதான் கேட்டேன். வெள்ளிக்கிழமை வேலைக்கு ரேட் வேறு, ராத்திரி ஷிஃப்டுக்கு வேறு. இது எதுவும் தெரியாமல் கரும்பலகையில் கத்தார் சட்டம் எழுதுகிறார். உங்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளம், கோடை லீவுக்கும் சம்பளம். அதை யாராவது வகுத்தலில் சேர்த்தார்களா?

பி_இ_பட்டாளம்
இது நியாயமான கேள்வி. வாத்தியார் இதற்கு முதலில் பதில் சொல்லட்டும் :)

கணக்கு_வாத்தியார்
தம்பி, நீங்கள் எந்தப் பக்கம்?

கிளிநொச்சி_குரு
வணக்கம். எங்கட இலங்கைப் பக்கமும் இதே கதைதான். ஏ.எல். (உங்கட பிளஸ் டூ மாதிரி) சரிவரேல்லை எண்டால்தான் தொழிற்பயிற்சி எண்ட நினைப்பு சனத்திட்ட இருக்குது. கிளிநொச்சி அறிவியல்நகரில 2016இல ஜேர்மன் உதவியோட பயிற்சி நிலையம் திறந்தவை. என்.வி.கியூ. எண்ட தேசியத் தொழில் தகைமை மட்டங்கள் இருக்கிறதால படிப்படியாய் மேல போகலாம். உங்கட ஐ.டி.ஐ.க்குப் பிறகு மேல படிக்க வழி இருக்கோ?

பி_இ_பட்டாளம்
இருக்கிறது குரு. பத்தாவதுக்கு அப்புறம் இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம். டிப்ளமோ முடித்தால் பி.இ.யிலும் நேரடி இரண்டாம் வருடம். ஐ.டி.ஐ.யோடு தமிழ், ஆங்கிலத் தேர்வு மட்டும் எழுதினால் பிளஸ் டூவுக்குச் சமமான சான்றிதழும் உண்டு. ஆனால் கவனியுங்கள், "இரண்டு வருட" ஐ.டி.ஐ. நம் லட்ச ரூபாய் வெல்டர் கோர்ஸ் ஒரு வருடம்.

துவாக்குடி_ஆர்க்
பாருங்கள், சுற்றிச் சுற்றி எங்கே கொண்டுபோய் முடிக்கிறார்? பி.இ.யில்! ஐ.டி.ஐ. படித்தவனும் கடைசியில் பி.இ. படித்தால்தான் மனிதனாம். இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன். இவர்களுக்குத் தொழில் மீது மரியாதை இல்லை. பெண் பார்க்கப் போனால் "மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார்" என்று கேட்கிறார்கள், மாப்பிள்ளைக்கு என்ன தெரியும் என்று கேட்பதில்லை. எனக்கு அப்படித் தட்டிப்போன இடம் உண்டு. அந்தப் பெண்ணைக் கட்டிய இன்ஜினியர் இப்போது என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

சரவணம்பட்டி_லேத்
சொல்ல மாட்டேன் என்று சொல்வதற்கு ஒரு பதிவா.

பி_இ_பட்டாளம்
பதினைந்தாயிரத்துக்கு வேலை பார்க்கிறாராக்கும். ஓ.டி. சேர்க்காமல்.

பிள்ளைக்காகக்_கேட்கிறேன்
மன்னிக்கவும், ஃபிட்டரா எலக்ட்ரீஷியனா?

சரவணம்பட்டி_லேத்
ஃபிட்டர் போடுங்கள் அக்கா. முதல் சில மாதம் அரத்தால் ராவிக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். வைஸில் இரும்புப் பட்டையைக் கடித்து வைத்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் வெளிச்சம் தெரியாத வரைக்கும் ராவ வேண்டும். பையன்கள் அங்கேதான் ஓடுவார்கள். அதைத் தாண்டியவன் எந்த மெஷினிலும் நிற்பான்.

துவாக்குடி_ஆர்க்
எலக்ட்ரீஷியன் போடுங்கள். ஃபிட்டர் என்றால் கடைசியில் இவர் ஷெட்டில் பம்புக்கு போல்ட் முடுக்க வேண்டியதுதான்.

பி_இ_பட்டாளம்
எது போட்டாலும் அரசு ஐ.டி.ஐ.யிலேயே போடுங்கள் அம்மா. கட்டணம் இல்லை, மாதம் 750 உதவித்தொகை, பஸ் பாஸ் உண்டு. 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாய் திட்டத்தில் ரோபாட்டிக்ஸ், சி.என்.சி. எல்லாம் வைத்திருக்கிறார்கள். ரயில்வே அசிஸ்டென்ட் லோகோ பைலட் தேர்வுக்கும் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் இரண்டுமே செல்லும், தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,900. ஏழாவது ஊதியக் குழுக் கணக்கு அது. வாத்தியார் கவனிக்க: அடிப்படை.

கணக்கு_வாத்தியார்
கவனித்தேன். ஒருவராவது அடிப்படையைச் சொன்னாரே.

சரவணம்பட்டி_லேத்
ரோபோ வாங்கி வைத்தால் ஆயிற்றா? அதை ஓட்டிக் காட்ட இன்ஸ்ட்ரக்டர் வேண்டாமா? எனக்குத் தெரிந்த இடத்தில் மெஷின் மேல் பிளாஸ்டிக் கவரே பிரிக்கவில்லை.

பி_இ_பட்டாளம்
எந்த ஐ.டி.ஐ. அண்ணே அது?

சரவணம்பட்டி_லேத்
சொல்ல மாட்டேன். இப்போது நான் சொல்ல மாட்டேன் :)

மட்டுறுத்துநர்
தனிப்பட்ட திருமணக் கதைகள், ஊர்ச் சண்டை இரண்டையும் நிறுத்துங்கள். தலைப்பைப் பேசுங்கள்.

கணக்கு_வாத்தியார்
தலைப்பைத்தானே நான் ஆரம்பத்திலிருந்து பேசிக்கொண்டிருக்கிறேன்? அடிப்படைச் சம்பளம் எவ்வளவு?

துவாக்குடி_ஆர்க்
சம்பளச் சீட்டை இங்கே ஒட்டச் சொல்கிறீர்களா? உங்கள் சீட்டை ஒட்டுங்கள், அப்புறம் பார்க்கலாம். அதுவரைக்கும் இதைப் பாருங்கள். போன வாரம் நான் ஓட்டிய ஜாயிண்ட். ஆறு இன்ச் பைப். அடியில் ரூட், அதன் மேல் ஹாட் பாஸ், ஃபில்லர், மேலே மூடுகிற கேப் என்று எல்லா லேயரும் ஒரே கை. ராடு காயவைக்கும் ஓவனிலிருந்து சூடாக எடுத்து ஓட்டியது, ஈர ராடு இல்லை. இப்படி ஒரு பீடு (வெல்டு வரி) எந்த பி.இ.யாவது போட்டுக் காட்டட்டும், நான் ஹோல்டரைக் கீழே வைத்துவிடுகிறேன்.
[படம்]

பி_இ_பட்டாளம்
நல்ல பீடு. உண்மையாகவே.

சரவணம்பட்டி_லேத்
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழ்ப்பக்கம், ஆறு மணி இடத்தில் ஓரமாக அண்டர்கட் தெரிகிறதே?

துவாக்குடி_ஆர்க்
அது நிழல்.

சரவணம்பட்டி_லேத்
நிழல் மெட்டலைத் தின்னாது அண்ணே. கேப்புக்கும் பைப்புக்கும் நடுவில் கோடு மாதிரிப் பள்ளம் இருக்கிறது. டை-பென் (குறை காட்டும் சாயம்) அடித்தால் சிவப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

துவாக்குடி_ஆர்க்
பம்பு மேக்கர் எனக்கு அண்டர்கட் சொல்லித் தருகிறார்! வெல்டிங் விதிநூலில் எத்தனை மில்லிமீட்டர் வரைக்கும் அலவன்ஸ் என்று தெரியுமா உங்களுக்கு? எக்ஸ்ரே கிளியர். ஃபிலிமே இருக்கிறது.

சரவணம்பட்டி_லேத்
இப்போதுதான் நிழல் என்றீர்கள். நிழலுக்கு எதற்கு அலவன்ஸ்?

துவாக்குடி_ஆர்க்
நாளைக்குப் பகல் வெளிச்சத்தில் எடுத்துப் போடுகிறேன். நீங்களும் உங்கள் லேத்தில் கடைந்த ஒரு ஷாஃப்டை மைக்ரோமீட்டரோடு படம் எடுத்துப் போடுங்கள். டேப்பர் (ஒரு முனை பெருத்து ஒரு முனை சிறுத்து) இல்லாமல் இருக்கிறதா பார்க்கிறேன்.

பிள்ளைக்காகக்_கேட்கிறேன்
எலக்ட்ரீஷியன் முதல் விருப்பம், ஃபிட்டர் இரண்டாவது என்று விண்ணப்பத்தில் போட்டுவிட்டோம். நன்றி.

சரவணம்பட்டி_லேத்
தப்புப் பண்ணிவிட்டீர்கள் அக்கா. வரிசையை மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

துவாக்குடி_ஆர்க்
மாற்ற வேண்டாம். ஷாஃப்ட் படம் எங்கே?