சமநிலையின்மையா, இசைவுக்கேடா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் எழுதிவரும் நீரிழிவுக் கையேட்டில், இதயத்துடிப்பு, இரத்த அழுத்தம் போன்றவற்றை நம் எண்ணமின்றியே இயக்கும் தன்னியக்க நரம்பு மண்டலத்தின் கோளாறைச் 'சமநிலையின்மை' என்றே குறிக்கலாம் என்னும் முந்தைய மடலின் கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. சமநிலை என்றதும் தராசுதான் மனத்தில் நிற்கிறது. இதயத்தை முடுக்கும் பரிவு நரம்பும் அதை அடக்கும் துணைப்பரிவு நரம்பும் சரிக்குச் சரியாக இருப்பதே நலம் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். நரம்புகளின் பிடியே இல்லாவிட்டால் இளைஞர் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். ஓய்வில் அது 70 அளவில் நிற்பது, துணைப்பரிவைச் சேர்ந்த வேகஸ் நரம்பு ஓயாமல் இழுத்துப் பிடிப்பதால்தான். ஓய்வில் ஒரு பக்கம் ஓங்கியிருப்பதே இயல்பு.

சுசீந்திரத்துத் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வடம் பிடிப்பவர்கள் முன்னே இழுக்க, சக்கரத்தை ஒட்டி நடப்பவர் முட்டுக்கட்டையை வேண்டிய கணத்தில் கொடுத்தும் எடுத்தும் தேரைத் திருப்பத்தில் வளைக்கிறார். இழுப்பும் தடுப்பும் சமமா என்று யாரும் அளப்பதில்லை. ஒன்றுக்கொன்று இசைந்து போகின்றனவா என்றே பார்க்கிறார்கள். ஆகவே 'தன்னியக்க நரம்பு இசைவுக்கேடு' என்பதை முன்வைக்கிறேன். இசைவு என்றால் சம்மதம் என்றும் பொருளுண்டே என்பீர்கள். 'நரம்பு' முன்னால் நிற்கும்போது அந்தக் குழப்பம் நேராது. 'சீர்குலைவு' என்று வைக்கலாமே என்றால், அது எனக்குச் சட்டம் ஒழுங்குச் செய்தியையே நினைவூட்டுகிறது.

குளச்சலில் இருக்கும் என் அத்தைக்குப் பல்லாண்டுச் சர்க்கரை. "எழும்பினா கண்ணு இருட்டுது" என்றார். படுத்திருக்கையில் 140 இருந்த இரத்த அழுத்தம், எழுந்து நின்ற இரண்டாம் நிமிடத்தில் 112. நாடித்துடிப்போ இரு நிலையிலும் 96. அழுத்தம் விழுந்தால் இதயம் வேகத்தைக் கூட்டி ஈடுகட்ட வேண்டும்; இங்கே கூட்டவில்லை. நரம்பு பழுதாவது 'நரம்புச்சிதைவு'. அதனால் இதயமும் குழாய்களும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்காமல் போவதே இசைவுக்கேடு. இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம்.

கையேட்டில் இதய ஆபத்தைப் பற்றிய பத்தியில் இன்னொரு சிக்கல் உண்டு. மாரடைப்பிலிருந்து மீண்ட 808 பேரைத் தொடர்ந்து கவனித்து 1987-இல் வெளியான ஆய்வில், ஒரு நாள் பதிவில் துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைப்பட்ட நேரம் எவ்வளவு கூடிக்குறைகிறது என்பதைக் காட்டும் திட்டவிலக்கம் 50 மில்லிநொடிக்குக் குறைந்தவர்களுக்கு, 100-க்கு மேல் இருந்தவர்களைவிட இறப்பு ஆபத்து ஐந்து மடங்குக்கும் கூடுதலாக இருந்தது. இந்த அளவைத் 'துடிப்பு மாறுபாடு' என்று எழுதியிருக்கிறோம். மாறுபாடு என்றாலே கோளாறு என்பது நம் வழக்கு. இங்கோ அது குறைவதுதான் கெடுதல். 'துடிப்பிடை நெகிழ்வு' என்றால் 'நெகிழ்வு குறைந்துள்ளது' என்னும் தொடர் தானே பொருள் தரும். கணிதம் படித்தவர்களுக்கு மறுப்பிருந்தால் எழுதுங்கள்.